மலையகக் குளிரறைகளில் மின்செலவைக் குறைக்கும் கட்டுப்பாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, வெலிமடை, பண்டாரவளை, ஹட்டன் பக்கங்களில் விதைக்கிழங்கு அறை, மரக்கறிக் குளிரறை, பால் குளிரூட்டும் நிலையம் நடத்துகிறவர்களும் அங்கே இயந்திரம் பார்க்கும் தொழிலாளர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் வெளிக்காற்று குளிர்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் பெரும்பாலான இயந்திரங்கள் கொழும்பு வெயிலுக்கு வைத்த அளவுகளோடுதான் இங்கே ஓடுகின்றன. காசு வீணாகும் முதல் இடம் அதுதான்.

வெளியிலேயே குளிர். பிறகு ஏன் எங்கள் குளிரறைக்கு இவ்வளவு கரண்ட் பில் வருகிறது?

கம்ப்ரசர் செய்யும் வேலை இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையிலான தூரத்தைப் பொறுத்தது. அறைக்குள் இருக்கும் கூலிங் கொயிலின் வெப்பநிலை ஒன்று. வெளியே கண்டென்சரில் வாயு திரவமாகும் வெப்பநிலை இன்னொன்று. தூரம் கூடினால் மின்சாரமும் கூடும்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. இரவில் இன்னும் இறங்கும். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 15 பாகைக் காற்று வீசும் இடத்தில் கண்டென்சர் 26, 27 பாகையில் சுகமாக வேலை செய்யும். ஆனால் இயந்திரத்தைப் பொருத்தியவர்கள் கண்டென்சர் விசிறி எந்த அமுக்கத்தில் ஓட வேண்டும், எதில் நிற்க வேண்டும் என்பதைக் கீழ்நாட்டு வழக்கப்படி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். 38, 40 பாகைக்குரிய அமுக்கம் வரும்வரை விசிறி சுற்றாது, அதற்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். வெளியே குளிர்காற்று சும்மா வீசிக்கொண்டிருக்க, கம்ப்ரசர் 40 பாகையோடு மல்லுக்கட்டும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இரவு பத்து மணிக்கு வெளியே போய்க் கண்டென்சரைப் பாருங்கள். குளிரில் நீங்கள் ஜெர்சி போட்டு நிற்கும்போது கம்ப்ரசர் ஓடிக்கொண்டும் விசிறி நின்று நின்று சுற்றிக்கொண்டும் இருந்தால், ஹெட் பிரஷரை, அதாவது கண்டென்சர் பக்கத்து அமுக்கத்தை, வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்படியானால் ஹெட் பிரஷரை இன்றைக்கே குறைத்துவிடலாமா?

குறைக்கலாம், ஆனால் படிப்படியாக. உயர்த்தி வைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. கொயிலுக்குத் திரவத்தை அளந்து விடுவது எக்ஸ்பான்ஷன் வால்வு. அதில் பழைய வகை, இரு பக்கத்துக்கும் இடையே போதிய அமுக்க வித்தியாசம் இருந்தால்தான் தேவையான திரவத்தை விடும். அமுக்கம் மிகவும் இறங்கினால் கொயில் பட்டினி கிடக்கும், அறை குளிராது. கம்ப்ரசரின் சூடான வாயுவைக் கொயிலுக்குள் விட்டு அதில் கட்டிய பனியை உருக்கும் இடங்களில் (ஹொட் கேஸ் முறை) அந்த வாயுவுக்கும் ஓரளவு அமுக்கம் வேண்டும். ஸ்க்ரூ கம்ப்ரசரில் எண்ணெய் சுற்றுவதற்கும் ஒரு கீழெல்லை உண்டு.

ஆகவே நான் சொல்லும் வழி இது. முதலில் கண்டென்சரைக் கழுவுங்கள். அடுத்து, தற்போதைய அளவிலிருந்து இரண்டு பாகைக்குரிய அமுக்கத்தை மட்டும் இறக்கி இரண்டு மூன்று நாள் பாருங்கள். திரவக் குழாயில் உள்ள சைட் கிளாஸில் (உள்ளே ஓடும் திரவத்தைக் காட்டும் கண்ணாடி) குமிழி வருகிறதா, கொயில் முழுவதும் ஒரே சீராகக் குளிர்கிறதா, அறை வழக்கமான நேரத்துக்குள் குளிருக்கு வருகிறதா என்று கவனியுங்கள். எல்லாம் சரியென்றால் இன்னும் இரண்டு பாகை. பழைய வால்வோடு பெரும்பாலும் 28 முதல் 30 பாகை வரை இறங்கலாம். இலத்திரனியல் எக்ஸ்பான்ஷன் வால்வு பொருத்தினால் 22, 25 பாகை வரையும் போகலாம். உங்கள் கம்ப்ரசர் உற்பத்தியாளர் தரும் இயக்க எல்லை வரைபடத்தைத் தாண்ட வேண்டாம்.

அமுக்கத்தை ஒரே எண்ணில் பூட்டி வைக்காமல் வெளிக்காற்றைத் தொடர்ந்து போக விடுவதுதான் முறையான கட்டுப்பாடு. வெளியே ஒரு வெப்ப உணரி வைத்து, ‘வெளி வெப்பநிலையோடு 8 அல்லது 10 பாகை கூட்டிய அளவு’ என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லிவிட வேண்டும். மதியம் 20 பாகை என்றால் 30, இரவு 12 என்றால் கீழெல்லை அனுமதிக்கும் அளவு. இதற்கு மேலும் துரத்தக்கூடாது. இன்னும் ஒரு பாகைக்காக எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் ஓட்டினால் கம்ப்ரசரில் மிச்சம் பிடித்ததை விசிறி தின்றுவிடும்.

இதனால் எவ்வளவு மிச்சமாகும்? ஏறத்தாழ ஒரு கணக்குச் சொல்ல முடியுமா?

கண்டென்சர் பக்கம் ஒரு பாகை இறங்கினால் கம்ப்ரசர் மின்சாரம் 2 முதல் 3 சதவீதம் குறையும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. கூலிங் கொயில் பக்கம் ஒரு பாகை ஏறினாலும் ஏறத்தாழ அதே அளவு அல்லது சற்று அதிகம்.

ஓர் உதாரணம். 15 கிலோவொட் இழுக்கும் கம்ப்ரசர் நாளுக்கு 12 மணிநேரம் ஓடினால் 180 யூனிட். 40 பாகையிலிருந்து 28க்கு இறக்கினால் குறைந்த கணக்கில் பார்த்தாலும் நான்கில் ஒரு பங்கு, அதாவது 45 யூனிட் குறையும். மாதத்துக்கு 1,350 யூனிட். கட்டண வீதம் அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கை உங்கள் கடைசி மின்பட்டியலை வைத்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மலை உயரத்தால் கட்டுப்பாட்டுக் கருவிகளின் அளவீடு மாறுமா?

மாறும். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் நம் ஊருக்கே உரிய முக்கியமான விஷயம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் சுமார் 1.01 பார். நுவரெலியா உயரத்தில் ஏறத்தாழ 0.81 பார். சாதாரண கேஜ் மீற்றரும் பல அமுக்க உணரிகளும், சுற்றியுள்ள காற்றைவிடக் குழாய்க்குள் எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் காட்டுகின்றன. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் அட்டவணையோ கடல் மட்டத்தை வைத்து எழுதப்பட்டது. அதனால் இங்கே மீற்றர் 0.2 பார் கூடுதலாகக் காட்டும். கொயில் உண்மையில் இருப்பதைவிடச் சூடாக இருக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொண்டு கம்ப்ரசரை மேலும் ஓட்டும்.

ஆர் 404ஏ என்ற குளிரூட்டும் வாயுவில், கொயில் மைனஸ் 10 பாகையளவில் ஓடும்போது இந்த 0.2 பார் ஏறத்தாழ ஒன்றரைப் பாகைத் தவறு. ஆர் 134ஏ வாயுவில் இரண்டரைப் பாகையைத் தொடும். சும்மா ஒரு செற்றிங் தவறினால் நான்கைந்து சதவீத மின்சாரம் போகிறது. சூப்பர்ஹீட் (கொயிலை விட்டு வரும் வாயு, கொயிலில் திரவம் கொதிக்கும் வெப்பநிலையைவிட எத்தனை பாகை சூடு என்பது) கணக்கும் தவறிவிடும்: பெட்டி 7 பாகை என்று காட்டும்போது உண்மையில் எட்டரை இருக்கும், கொயிலின் கடைசிப் பகுதி வேலையில்லாமல் கிடக்கும்.

பல நவீன கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் வளிமண்டல அமுக்கத்தை அல்லது உயரத்தை உள்ளிடும் இடம் உண்டு. இல்லையென்றால் உணரியின் அளவில் 0.2 பார் கழித்து வைக்கலாம். ஆனால் எல்லா உணரிகளும் இப்படியில்லை. உள்ளே அமுக்கத்தை அடைத்து முத்திரையிட்ட வகைகளில் இந்தத் தவறு வராது. எந்த வகை என்று பாராமல் கழித்துவிடாதீர்கள். சோதிப்பது எளிது. உணரியைக் கழற்றிக் காற்றில் பிடித்தால் திறந்த வகை பூச்சியம் காட்டும், அடைத்த வகை மைனஸ் 0.2 காட்டும். ஹட்டன், பண்டாரவளை நுவரெலியாவைவிடத் தாழ்ந்தவை என்பதால் திருத்தமும் அங்கே குறைவு.

காற்றின் அடர்த்தியும் இங்கே கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். விசிறி அதே கனஅளவைத் தள்ளும், ஆனால் அதில் காற்றின் எடை குறைவு. அதனால் கண்டென்சரின் திறன் அட்டவணையில் போட்டதைவிடச் சற்றுக் குறையும். குளிர்காற்று அதை ஈடு செய்துவிடும் என்றாலும் புதிதாக வாங்கும்போது ஒரு அளவு பெரிதாக எடுப்பது நல்லது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெட்டர் வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள். 1,000 மீற்றருக்கு மேல் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் சுமார் ஒரு சதவீதம் திறனைக் கழிக்கச் சொல்வது அவற்றின் பொது விதி.

வெப்பமானி சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

நொறுக்கிய ஐஸையும் கொஞ்சம் தண்ணீரையும் கலந்து அதில் உணரியை வைத்தால் 0 பாகை காட்ட வேண்டும். உயரத்தால் இது மாறாது. கொதிநீரில் வைத்து 100 வருகிறதா என்று பார்ப்பது நுவரெலியாவில் உதவாது, இங்கே நீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

பனியுருக்கும் டைமரை நான்கு தடவைக்கு வைத்திருக்கிறோம். சரியா?

பெரும்பாலும் அதிகம். விதைக்கிழங்கை 2 முதல் 4 பாகையில் வைக்கும் அறைக்கு ஹீற்றரே தேவைப்படாமல் போகலாம். கம்ப்ரசரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓட்டினால் அறைக்காற்றே பனியை உருக்கிவிடும். 0 பாகைக் கரட் அறைக்கும் மைனஸ் அறைக்கும்தான் ஹீற்றர் அல்லது ஹொட் கேஸ் வேண்டும்.

6 கிலோவொட் ஹீற்றர் நாளுக்கு நான்கு தடவை, அரை மணிநேரம் என்றால் 12 யூனிட். அதில் ஒரு பகுதிதான் பனியை உருக்குகிறது. மீதி அறைக்குள் சூடாகப் பரவ, அதை வெளியேற்ற மறுபடி கம்ப்ரசர் ஓடுகிறது. முதலில் செய்ய வேண்டியது, நேரம் முடிந்ததும் நிறுத்தும் முறையை விட்டு, கொயில் 8 அல்லது 10 பாகையைத் தொட்டதும் நிறுத்தும் முறைக்கு மாற்றுவது. ஒரு சிறிய உணரி போதும். அடுத்தது, தேவைப்படும்போது மட்டும் பனியுருக்குவது. கொயிலுக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் வழக்கத்தைவிட விரிந்துகொண்டே போனால் பனி மூடுகிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி அறிந்துகொள்ளும்.

தென்மேற்குப் பருவத்தில் மூடுபனியும் ஈரமுமாக இருக்கும் மாதங்களையும், வறண்ட பெப்ரவரியையும் ஒரே டைமரில் ஓட்டுவது சரிவராது. அதே நேரம், ஈர மாதத்தில் பனி அதிகமாகக் கட்டினால் டைமரைக் கூட்டுவதற்கு முன் கதவைப் பாருங்கள். லொறி ஏற்றும்போது கதவை அகலத் திறந்து வைத்திருக்கும் வழக்கத்தை எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியாலும் திருத்த முடியாது. பிளாஸ்டிக் திரை, கதவு திறந்தால் விசிறியை நிறுத்தும் ஒரு சுவிட்ச், மூன்று நிமிடம் தாண்டினால் மணி, இவை போதும்.

அறைக்குள் இருக்கும் விசிறிகள் 24 மணிநேரமும் ஓடுகின்றன. நிறுத்தலாமா?

நிறுத்துவதைவிட வேகத்தைக் குறைப்பது நல்லது. விசிறி எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 80 சதவீத வேகத்தில் ஓடினால் பாதி மின்சாரம், பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. அறைக்குள் எரியும் ஒவ்வொரு யூனிட்டும் வெப்பமாகி அதையும் கம்ப்ரசர்தான் சுமக்க வேண்டியிருப்பதால் இங்கே மிச்சம் விசிறியிலும் வரும், கம்ப்ரசரிலும் வரும்.

கிழங்குக் குவியலுக்கு நடுவே காற்றுப் போகாவிட்டால் அங்கே சூடும் ஈரமும் தேங்கி அழுகல் தொடங்கும். ஆகவே அறுவடை வந்து முதல் நாட்களில் முழு வேகம். விளைபொருள் குளிர்ந்து நிலைக்கு வந்த பிறகு குறைந்த வேகம். குவியலின் நடுவில் ஒரு உணரியைப் புதைத்து வையுங்கள், சுவரில் தொங்கும் உணரியை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டு மூன்று கம்ப்ரசர்கள் ஒன்றாக ஓடும் இடத்தில் என்ன செய்யலாம்?

பொதுவாகக் காண்பது, எல்லாம் அரைகுறைச் சுமையில் ஒன்றாக ஓடுவது. ஸ்க்ரூ கம்ப்ரசரை அதன் ஸ்லைட் வால்வால் பாதித் திறனுக்குக் குறைத்தாலும் மின்சாரம் பாதியாகக் குறையாது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழுத்துக்கொண்டேயிருக்கும். இரண்டை அரைச் சுமையில் ஓட்டுவதைவிட ஒன்றை முழுச் சுமையில் ஓட்டுவது மேல். அடிப்படைச் சுமையை ஒன்று சுமக்க, ஏற்ற இறக்கத்தை இன்வெட்டர் பூட்டிய இன்னொன்று பார்த்துக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் இன்வெட்டர் போட வேண்டியதில்லை.

அடுத்தது சக்ஷன் பிரஷர், அதாவது கொயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் வாயுவின் அமுக்கம். அது உயர்ந்தால் கொயிலின் குளிர் குறையும். எல்லா அறைகளும் தேவையான குளிருக்கு வந்துவிட்டால் சக்ஷன் அளவை மெல்ல உயர்த்தவும், ஏதாவது ஓர் அறை பின்தங்கினால் இறக்கவும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லி வைக்கலாம். இதில் மின்சாரத்தைவிட எனக்குப் பிடித்த பலன் வேறு: கொயில் அறையைவிட மிகவும் குளிராக இருந்தால் காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிப் பனியாக்கிவிடும், கரட் சுருங்கும், லீக்ஸ் வாடும். 0 பாகையில் 95 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் கேட்கும் பயிர்கள் இவை. சக்ஷன் உயர்ந்தால் ஈரம் அறையிலேயே நிற்கும். எடை குறையாமல் விற்கலாம்.

மைனஸ் 18 பாகை ஐஸ்கிரீம் அறையையும் 4 பாகை மரக்கறி அறையையும் ஒரே சக்ஷன் குழாயில் இணைத்திருந்தால் முதலில் அவற்றைப் பிரித்துவிடுங்கள். சின்ன அறையின் தேவைக்காக முழு நிலையமும் ஆழத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

பால் குளிரூட்டும் தொட்டிக்கு இவையெல்லாம் பொருந்துமா?

கண்டென்சர் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். ஆனால் பாலில் அதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது.

1,000 லீற்றர் பாலை 35 பாகையிலிருந்து 4க்கு இறக்க ஏறத்தாழ 35 கிலோவொட் மணி வெப்பத்தை அகற்ற வேண்டும். நல்ல இயந்திரத்துக்கு அது 12 யூனிட் மின்சாரம். தொட்டிக்குப் போகுமுன் தட்டு வகை முன்குளிரூட்டி ஒன்றின் வழியாகப் பாலை விட்டு, மறுபக்கம் பீலித் தண்ணீரை ஓட விட்டால் பால் 20 பாகைக்கு இறங்கிவிடும். மீதி 16 பாகைக்குத்தான் இயந்திரம். கிட்டத்தட்ட பாதி மிச்சம், பாலும் சீக்கிரம் குளிர்கிறது. மலையில் 16, 17 பாகையில் ஓடும் ஊற்று நீர் கிடைப்பது பெரிய வரம். பாலின் அளவைவிட இரண்டு மடங்கு நீர் போதும், சூடேறி வரும் நீரை மாட்டுக்குக் குடிக்கவோ தொழுவம் கழுவவோ எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டங்களிலிருந்து கேனில் வரும் பால் வழியிலேயே 28 பாகைக்கு இறங்கியிருந்தால் மிச்சம் அதற்கேற்பக் குறையும். அதற்காக வழியில் ஆறட்டும் என்று பாலைத் தாமதிக்கக் கூடாது. நுண்ணுயிர் பெருகுவது மின்சாரத்தைவிடப் பெரிய நட்டம்.

இங்கே கட்டுப்பாட்டின் வேலை சின்னது. பால் ஓடும்போது மட்டும் நீர் வால்வைத் திறப்பது, கலக்கியை இடைவிட்டு ஓட்டுவது, 4 பாகைக்குக் கீழே தேவையில்லாமல் இறங்காமல் பார்ப்பது. 3 பாகையில் வைத்தால் இன்னும் பாதுகாப்பு என்று இறக்குகிறார்கள், ஓரத்தில் பால் உறைய ஆரம்பிக்கும்.

இரவுக் கட்டணத்தைப் பயன்படுத்திக்கொள்வது எப்படி?

இலங்கையில் நேரத்துக்கேற்ற கட்டணம் மூன்று பகுதி: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சம், 10.30 முதல் காலை 5.30 வரை உச்சமற்ற நேரம். ஒப்பந்தக் கேள்வி (ஒரே நேரத்தில் இழுக்க ஒப்பந்தம் செய்த மின்வலு அளவு) 42 கே.வி.ஏ.க்கு மேலுள்ள கைத்தொழில் பாவனையாளர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். உங்கள் பட்டியலில் மூன்று அளவுகள் தனித்தனியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

விதைக்கிழங்கு அறையில் கிழங்கே குளிரைத் தேக்கி வைக்கும். 20 தொன் கிழங்கு ஒரு பாகை சூடேற ஏறத்தாழ 19 கிலோவொட் மணி வெப்பம் உள்ளே வர வேண்டும். சுவர், கதவு, கிழங்கின் மூச்சு எல்லாம் சேர்ந்து 5 கிலோவொட் வருகிறது என்று வைத்துக்கொண்டால், உச்ச நேரமான நான்கு மணிநேரமும் கம்ப்ரசரை நிறுத்தி வைத்தாலும் ஏறுவது ஒரு பாகைதான். மாலை ஆறு மணிக்குள் அறையை 3 பாகைக்குக் கொண்டுவந்து, 10.30 வரை 4 வரை ஏற விட்டு, பிறகு விடியும்வரை மலிவான கரண்டிலும் குளிர்ந்த காற்றிலும் இறக்கலாம். நான்கு மணி நேரமும் விசிறி மெதுவாக ஓடட்டும்.

பாலுக்கு ஐஸ் பேங்க் உண்டு, அதாவது ஐஸாகக் குளிரைச் சேமித்து வைக்கும் தொட்டி. 35 கிலோவொட் மணிக்கு சுமார் 380 கிலோ ஐஸ் போதும். இரவில் கட்டி, காலைப் பாலுக்கு உருக்கலாம். ஐஸ் கட்டுவதற்குக் கொயில் இன்னும் ஆழத்தில் ஓடுவதால் யூனிட் எண்ணிக்கை குறையாமல் போகலாம், ரூபாய்தான் குறையும். ஐஸ் தடிப்பைப் பார்க்கும் உணரி பழுதாகித் தேவைக்கு மேல் கட்டிக்கொண்டே போகும் தொட்டிகள் நிறைய, அதை முதலில் சோதியுங்கள்.

இதோடு உச்சக் கேள்விக் கட்டணமும் இருக்கிறது. மாதத்தில் ஏதோ ஒரு 15 நிமிடத்தில் நீங்கள் இழுத்த அதிகபட்ச கே.வி.ஏ.வுக்கு மாதம் முழுவதற்கும் காசு கட்டுகிறீர்கள். எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் பனியுருக்காமலும், கம்ப்ரசர்கள் சேர்ந்து தொடங்காமலும் பூட்டி வைப்பது வெறும் நிரல் வேலை, புதிய உபகரணம் வேண்டியதில்லை.

இரவுக் காற்றையே நேராக அறைக்குள் விடலாமா?

சில பொருட்களுக்கு விடலாம். அறுவடையான கிழங்கைக் காயமாற வைக்கும் முதல் இரண்டு வாரத்துக்கு 15 பாகை போதும், அதற்குக் கம்ப்ரசரே வேண்டாம். தக்காளிக்கு 12 பாகைக்குக் கீழே போகவே கூடாது. போஞ்சிக்கு 5 முதல் 7 பாகை வேண்டும், அதற்கு இரவுக்காற்று முதற்கட்டக் குளிரூட்டலுக்கு உதவும்.

வெளிக்காற்று அறையைவிட மூன்று பாகையாவது குளிராக இருந்தால் மட்டும் தட்டியைத் திறந்து, கம்ப்ரசரை நிறுத்தி வைக்கும் கட்டுப்பாடு போதும். குளிர்ந்து கிடக்கும் கிழங்கின் மேல் ஈரக்காற்று பட்டால் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதனால் வெளிக்காற்றின் பனிநிலையையும் (காற்றின் ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) பார்த்துத்தான் திறக்க வேண்டும். கரட், கோவா, லீக்ஸ் போன்ற 0 பாகைப் பொருட்களுக்கு இது முன்வேலை மட்டுமே. மதியம் பிடுங்கிய கரட்டைச் சூட்டோடு அறைக்குள் அடுக்காமல், குளிர்ந்த நீரில் கழுவி, ஈரச்சாக்கு போர்த்தி இரவில் நிழலில் வைத்து ஏற்றினாலே அறையின் சுமை பெரிதும் குறையும்.

கரண்ட் வந்து போகிறது, இடி மின்னல் வேறு. இலத்திரனியல் பெட்டி தாங்குமா?

தாங்க வைக்கலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் வரும் மின்னல்தான் இங்கே பெட்டிகளைக் கொல்கிறது. பிரதான பலகையில் மின்னெழுச்சிக் காப்பு, சரியான எர்த், ஃபேஸ் போனால் துண்டிக்கும் ரிலே, இந்த மூன்றும் இல்லாமல் விலையுயர்ந்த கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்காதீர்கள். எர்த் தடையை வறண்ட காலத்தில் அளந்து பாருங்கள், பாறை மண்ணில் அது ஏறிவிடும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு வெட்டுக்குப் பிறகு கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாகத் தொடங்கினால் உச்சக் கேள்வியும் ஏறும், ஜெனரேட்டரும் படுத்துவிடும். எந்த அறை முதலில், எத்தனை நிமிடம் கழித்து அடுத்தது என்ற வரிசை நிரலில் இருக்க வேண்டும். பால் முதலில், விதைக்கிழங்கு கடைசியில் என்பேன். பெட்டி முற்றாகச் செத்தாலும் கையால் ஓட்டுவதற்கு ஒரு சாதாரண தெர்மோஸ்டாற்றும் மாற்றுச் சுவிட்சும் கட்டாயம்.

எங்களுடையது பழைய ஆர் 22 இயந்திரம். இதில் கட்டுப்பாட்டுக்குச் செலவு செய்யலாமா?

நம் நாடு போன்ற வளரும் நாடுகளில் ஆர் 22 வகை வாயுக்களின் பாவனை 2030க்குள் நிறுத்தப்பட வேண்டும், பழுதுபார்க்க ஒரு சிறு அளவு மட்டும் சில ஆண்டுகளுக்கு அனுமதி. ஆகவே இயந்திரத்தோடு ஒட்டிய பெரிய செலவு வேண்டாம். கழற்றிப் புதியதில் பூட்டக்கூடிய உணரிகள், விசிறி இன்வெட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றுக்குச் செலவிடலாம். வாயுக் கசிவை அடைக்கவும். வாயு குறைந்த இயந்திரம் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் பணியாது.

அமோனியா நிலையங்களுக்கு?

கொள்கை ஒன்றுதான். அமோனியா அமைப்பில் காற்று புகுந்து கண்டென்சரில் தேங்கினால் ஹெட் பிரஷர் ஏறும், அதை வெளியேற்றும் தானியங்கிக் கருவி நல்ல முதலீடு. ஆனால் அமோனியா உயிருக்கு ஆபத்தானது. பயிற்சி பெற்றவர் இல்லாமல் ஒரு வால்வைக்கூடத் தொட வேண்டாம்.

செற்றிங்கை வேலையாட்கள் மாற்றிவிடுகிறார்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்டலாமா?

பூட்டலாம், ஆனால் முதலில் ஏன் மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் இரவு வேலை பார்ப்பவருக்கு ஒரே பயம்தான்: சரக்கு கெட்டால் தன் தலையில் விழும். அதனால் அறையை இரண்டு பாகை கூடுதலாகக் குளிர வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். அது அவருடைய நியாயம். எது வரை ஏறினால் பரவாயில்லை, எதற்கு மேல் யாரை அழைக்க வேண்டும், அதற்குள் ஏறினால் அவர் பொறுப்பில்லை என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எச்சரிக்கை மணிகளையும் குறையுங்கள். இரவில் சும்மா சும்மா அடிக்கும் மணியை யாரும் மூன்றாம் நாள் கேட்க மாட்டார்கள்.

இயந்திரத்தின் சத்தம் மாறியதை முதலில் கேட்பவர் அவர்தான். புதிய கட்டுப்பாடு பொருத்தும் நாளில் அவரைப் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் விளக்கச் சொல்லுங்கள், உரிமையாளருக்கு மட்டும் காட்டிவிட்டுப் போவது போதாது.

கையில் அதிகப் பணம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

கம்ப்ரசருக்கு ஒரு தனி மின்மானி. அதோடு அறை, வெளிக்காற்று, ஹெட் பிரஷர், சக்ஷன் பிரஷர் நான்கையும் ஒரு கொப்பியில் காலை, மதியம், இரவு குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் நிலையத்தின் குணம் தெரிந்துவிடும். அதன்பின் கண்டென்சர் கழுவுதல், கதவு இரப்பர், ஹெட் பிரஷர் இறக்கம், பனியுருக்கும் முறை. இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். அப்புறம் விசிறி வேகம். இலத்திரனியல் வால்வும் கம்ப்ரசர் இன்வெட்டரும் கடைசியில். கூரையில் சூரியப் பலகை போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே வரிசைதான்: சுமையைக் குறைத்த பிறகு சிறிய பலகை போதும்.

பெரிய நிலையம் என்றால் 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவு செய்த வலுக் கணக்காய்வாளர் ஒருவரை அழைக்கலாம்.

கட்டுப்பாட்டுப் பெட்டி விற்க வருபவரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும்?

‘30 சதவீதம் மிச்சம்’ என்ற வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, எதை எப்படி அளந்து காட்டுவார் என்று கேளுங்கள். பொருத்துவதற்கு முந்தைய அளவீடும் பிந்தைய அளவீடும் ஒரே அளவு சரக்கு, ஒரே மாதிரிக் காலநிலையில் எடுத்தவையாக இருக்க வேண்டும். பெப்ரவரி இரவை ஏப்ரல் மதியத்தோடு ஒப்பிட்டால் எந்தப் பெட்டியையும் நல்லதாகக் காட்டலாம்.

எல்லா செற்றிங்குகளின் பட்டியலும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் எழுத்தாக இருக்க வேண்டும். உதிரி உணரிகள் இரண்டு, மின்வரைபடத்தின் பிரதி ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். உயரத் திருத்தம் எவ்வளவு போட்டார் என்பதையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். குளிரான மாதத்தில் பொருத்தியிருந்தால், சூடான ஏப்ரலில் ஒரு தடவை மறுபடி வந்து சரிபார்க்க வேண்டும் என்பதையும், கடைசித் தவணைப் பணம் அதற்குப் பிறகுதான் என்பதையும் ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள்.